புள்ளிக்கோட்டு வீடு

அத்தியாயம் 14

தெருமுனையில் ஒட்டியிருந்த பட்டியலைக் கிழித்துப் போடாமல் மேஸ்திரி வீடு திரும்பியதே பெரிய விஷயம் என்று அவர் மனைவி சொன்னாள் அல்லவா? அது நடந்து ஆறு நாள் ஆகிவிட்டது. அந்த ஆறு நாளும் மனுஷன் சரியாகச் சாப்பிடவில்லை.

பட்டியலில் இருந்த ஒரே ஒரு வரிதான் காரணம். 'கதவு எண் இருபத்தேழு. வலது பாதி: பாதுகாக்கப்பட வேண்டிய பழமையான வீடு. இடது பாதி: உருமாற்றப்பட்டது, மதிப்பில்லை.'

வலது பாதி தங்கையுடையது. இடது பாதி அவருடையது.

ஒரே வீடு, ஒரே அஸ்திவாரம். அப்பா பிரித்துக் கொடுத்தபோது நடுவில் ஒரு சுவர் எழுப்பினார்கள். அந்தச் சுவரையும் மேஸ்திரிதான் கட்டினார். இப்போது சுவருக்கு அந்தப் பக்கம் மதிப்பு, இந்தப் பக்கம் மதிப்பில்லை என்று நகராட்சிக் குழு எழுதி ஒட்டியிருக்கிறது, தெருவே படிக்கும்படி.

ஏழாம் நாள் காலை வாசலில் ஆள் சத்தம் கேட்டது. முகம் மழித்துக்கொண்டிருந்த மேஸ்திரி ஒரு கன்னத்தில் நுரையோடு எட்டிப் பார்த்தார். கழுத்தில் கேமராவோடு இரண்டு பெண்கள், கூட ஒரு தாடிக்காரன். மூன்று பேரும் எதிர்ப்பக்கம் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சார், இந்த பைக் உங்களுதா?"

"ஆமா."

"கொஞ்சம் தள்ளி வெச்சுக்கிறீங்களா? ஃபோட்டோவுல விழுது."

தள்ளி வைத்தார்.

"இன்னும் கொஞ்சம், சார்."

இன்னும் தள்ளினார். தாடிக்காரன் ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்த பெண்ணிடம் சொன்னான். "இடது பக்கம் அந்த அசிங்கம் வராம எடு."

மேஸ்திரி திரும்பிப் பார்த்தார். பைக்கைத்தான் நகர்த்தியாயிற்றே, இன்னும் என்ன அசிங்கம் இருக்கிறது? அப்புறம்தான் உறைத்தது. அவன் சொன்னது அவர் வீட்டை.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் அந்த முகப்பைப் பார்க்க நாலு தெருவிலிருந்து ஆள் வந்தார்கள். பளபளவென்று கிரீம் கலர் டைல்ஸ், அலுமினிய ஜன்னல், வெள்ளி மாதிரி மின்னும் ஸ்டீல் கம்பி. 'மேஸ்திரி, எங்க வீட்டையும் இதே மாதிரி பண்ணிக் குடுங்க' என்று வரிசையில் நின்றார்கள். தெருவில் இன்றைக்குத் தட்டையாக நிற்கிற வீடு ஒவ்வொன்றும் அவர் கைவேலை. அப்போதெல்லாம் தங்கையின் பாதியைப் பார்த்து, 'பாவம், இன்னும் அந்தப் பழைய மரத்தைக் கட்டிக்கிட்டு அழறாங்க' என்றுதான் சொல்வார்கள்.

இன்றைக்கு அந்த மரத்தைத்தான் படம் எடுக்கிறார்கள்.

தங்கை பாதியின் மாடியில் தெருவைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தது அந்தத் தேக்குப் பால்கனி. இருபத்தி நாலு கடைசல் கால்கள், ஒவ்வொன்றிலும் மூன்று வளையம். கைப்பிடியின் ஓரம் முழுக்க இலை வேலைப்பாடு. கீழே யானைத் துதிக்கை மாதிரி வளைந்த நாலு தாங்கு கட்டைகள். நூறு வருஷ வேலை என்று குழு எழுதியிருந்தது.

நூறு வருஷமாம். மேஸ்திரி நுரையைத் துடைக்க மறந்து உள்ளே போனார்.

"என்ன, உங்க தங்கச்சி வீட்டுக்கு மறுபடியும் பொண்ணு பார்க்க வந்துட்டாங்களா?" என்றாள் மனைவி. முழங்காலில் களிம்பு தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"பைக்கைத் தள்ளச் சொல்றான்."

"தள்ளினீங்களா?"

"தள்ளினேன்."

"நீங்க எதைத்தான் தள்ளலை! ஆட்சேபணை லெட்டரைக் குழுகிட்ட குடுக்கிறதை ஆறு நாளா தள்றீங்க. இன்னிக்கு அஞ்சு மணியோட கடைசி. அதுக்கப்புறம் இந்த வீடு மேல ஒரு ஆணிகூட அடிக்க முடியாது. பில்டர் கையை விரிச்சிட்டுப் போயிடுவார்."

பில்டரின் கதை தெரிந்ததுதான். இருபத்தைந்தும் இருபத்தொன்பதும் அவர் கைக்குப் போயாயிற்று. நடுவில் இருக்கிற இருபத்தேழு கிடைத்தால் ஆறு மாடி எழுப்புவார். தங்கை மாட்டேன் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஆனால் பட்டியலில் இல்லாத வீட்டில் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பாள், பக்கத்துப் பாதி விழுந்தால் தானாக வழிக்கு வருவாள் என்பது பில்டரின் கணக்கு.

"எனக்கு நூறு வருஷமும் வேண்டாம், இருநூறு வருஷமும் வேண்டாம். ஒரு லிஃப்ட் இருந்தாப் போதும்" என்றாள் மனைவி. மாடிப்படி பதினேழு. ஒவ்வொரு படிக்கும் அவள் ஒரு மூச்சு வாங்குவது சமையலறைவரை கேட்கும். அதையும் மேஸ்திரியால் இல்லை என்று சொல்ல முடியாது.

சட்டைப் பையில் கடிதம் இருந்தது. நாலே வரி. எழுதி முடித்து ஆறு நாள் ஆகிறது. அதில் இருப்பது பொய்யாக இருந்தால்கூடக் கொடுப்பது சுலபமாக இருந்திருக்கும். முழுக்க முழுக்க உண்மை. அதுதான் கஷ்டம்.

தங்கையின் பால்கனி நூறு வருஷப் பழசு இல்லை. அதைச் செய்தது மேஸ்திரி.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி மழையில் வலது பாதிப் பால்கனி மொத்தமாகச் சரிந்து தெருவில் விழுந்தது. விடிவதற்குள் அண்ணனும் தங்கையும் எல்லாவற்றையும் அள்ளி, முகப்பைப் படுதாவால் மறைத்து, தெருவிடம் ரிப்பேர் என்று சொல்லிவிட்டார்கள். அப்பா அப்போது இடுப்பு உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். இதயமும் பலவீனம். வீட்டு முகப்பு விழுந்துவிட்டது என்று அவரிடம் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை. சிமெண்டைத் தொடுவதற்கு முன் மேஸ்திரி மரவேலை கற்றவர். இடது பாதியில் நன்றாக நின்றுகொண்டிருந்த பழைய பால்கனியைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு வளையத்தையும் அளவெடுத்து, நாலு மாதத்தில் அப்படியே இன்னொன்று செய்து ஏற்றினார். நிறம் மட்டும் காட்டிக்கொடுத்தது. தேயிலைச் சாயமும் எண்ணெயும் கலந்து பூசினார், அதுவும் சரியாகிவிட்டது.

அப்பா வண்டியிலிருந்து இறங்கி அண்ணாந்து பார்த்தார். "எங்க தாத்தா வேலைடா. எத்தனை மழை வந்தாலும் அசையுமா?" என்றார்.

அண்ணனும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வாயைத் திறக்கவில்லை.

மூன்று வருஷம் கழித்து அப்பா வீட்டைப் பிரித்தபோது வலது பாதியைத் தங்கைக்குக் கொடுத்தார். மேஸ்திரியைப் பார்த்து, "உனக்கென்னடா, நீ புதுசு கட்டிக்குவே. பழசை வெச்சுக் காப்பாத்த அவதான் சரி" என்றார்.

அந்த ஒரு வாக்கியம் பத்தொன்பது வருஷமாக மேஸ்திரியின் வயிற்றில் அணையாமல் கிடக்கிறது.

பதினோரு மணிக்குத் தங்கை வந்தாள். இருபத்தெட்டு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள். தெருவுக்கே அவள் 'டெலிபோன் அக்கா'தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கோபம் வந்தாலும் குரல் உயராது. எதிர்முனையில் இருப்பவர்தான் கத்திக் கத்தி ஓய வேண்டும்.

"அண்ணா, மூணு மணிக்குப் பள்ளிக்கூட ஹால்ல நடக்கிற குழுக் கூட்டத்துக்கு என்னோட வர்றியா? தனியாப் போய் நிக்க ஒரு மாதிரியா இருக்கு."

"உனக்கென்ன தனி? ஊரே உன் பின்னாடிதானே நிக்குது. காலையில மூணு பேர் வந்து படம் எடுத்துட்டுப் போறாங்க."

"நான் கூப்பிடலையே."

"கூப்பிடாமலே வர்றாங்க பாரு, அதுதான் யோகம்."

மனைவி அடுப்பங்கரையிலிருந்து ஒரு பாத்திரத்தைக் கொஞ்சம் பலமாக வைத்தாள். மேஸ்திரி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"போன வாரம் அந்தக் குழு அதிகாரியம்மா வந்து உன் பால்கனியைத் தடவித் தடவிப் பாராட்டினாங்களே. இப்படி ஒரு வேலையை இந்தக் காலத்துல எவன் செய்வான்னு கேட்டாங்களே. நீ ஏன் வாயே திறக்கலை?"

"நீயும்தான் பக்கத்துல நின்னே."

"நான் சொன்னா நல்லாவா இருக்கும்?"

"நான் சொல்லியிருந்தா, பட்டியல்லேர்ந்து எடுத்துடுவாங்க. அடுத்த மாசம் பில்டர் மண்வெட்டியோட வந்து நிப்பார். அது நல்லா இருக்குமா?"

தங்கை வாசலுக்கு நடந்தாள்.

"குருவி அங்கேயேதான் இருக்கா. காலையிலேயே போயிட்டா. அவ வரைஞ்ச படத்தை எல்லாம் மாட்டியிருக்காங்களாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

குருவி மேஸ்திரியின் ஒரே மகள். குழுவில் வரைபடம் போடுகிற வேலை. ஆறு மாதமாக அளவெடுக்கும் நாடாவும் கையுமாக இந்தத் தெருவையே சுற்றி வருகிறாள். அவள் இன்றைக்குப் படம் மாட்டுகிறாள் என்ற செய்தி அப்பாவுக்கு அத்தை சொல்லித்தான் தெரிய வேண்டியிருந்தது. வேலை முடிந்தால் நேராக அத்தை பால்கனிக்குத்தான் போவாள். இரண்டு பேரும் தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்து சிரிக்கிற சத்தம் சுவர் தாண்டிக் கேட்கும். பெற்றது இவர், கூத்து அங்கே. போதாததற்கு, அவர்கள் சாய்ந்துகொண்டு சிரிக்கிற கைப்பிடியும் இவர் இழைத்தது.

மூன்று மணிக்கு மேஸ்திரி தனியாகப் போனார். தங்கை முன்னால் போய்விட்டிருந்தாள்.

பள்ளிக்கூட ஹாலில் நாற்காலி போதாமல் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார்கள். சுவர் நெடுக நீளமான காகிதத்தில் தெரு முழுவதும் வரையப்பட்டிருந்தது, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை வீடு வீடாக. குருவியின் கை. அவருக்குத் தெரியாதா? மகள் சின்ன வயதில் கரிக்கட்டியால் வரையப் பழகியதே அவருடைய சிமெண்ட் மூட்டைகளின் மேல்தான்.

அவருக்கு ஒரு நிமிஷம் பெருமையாகத்தான் இருந்தது. நடந்துகொண்டே வந்தார். இருபத்தொன்று, இருபத்து மூன்று, இருபத்தைந்து... இருபத்தேழில் நின்றார்.

தங்கையின் பாதி அச்சு அசலாக இருந்தது. இருபத்தி நாலு கால்கள், எழுபத்திரண்டு வளையம், இலையின் நரம்புகூட விடவில்லை. இடது பக்கம் எதுவும் இல்லை. வீடு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெட்டி மட்டும், அதுவும் புள்ளிக்கோட்டில்.

தெரு முழுக்க அப்படித்தான் இருந்தது என்பதை அப்புறம்தான் கவனித்தார். பழைய வீடுகள் முழுக்கோட்டில். அவர் கை பட்ட வீடுகள் புள்ளியில். பத்தொன்பது வருஷ உழைப்பு கொசு உட்கார்ந்து எழுந்த மாதிரி புள்ளி புள்ளியாகக் கிடந்தது.

"அப்பா, வந்துட்டீங்களா?" குருவி ஓடி வந்தாள். அவர் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று கண்டதும் அவள் முகம் மாறியது. "அது... மாத்தின வீடுங்களை அப்படித்தான் காட்டணும்னு விதி, அப்பா. நானா வெச்சது இல்லை."

"நம்ம வீட்டையுமா?"

"விதின்னா எல்லா வீட்டுக்கும்தானே?"

"அத்தை வீட்டுக்கு எத்தனை நாள் ஆச்சு வரைய?"

"பத்து நாள்."

"எனக்கு?"

குருவி தலையைக் குனிந்துகொண்டாள். ஸ்கேல் வைத்து நாலு புள்ளிக்கோடு போட எவ்வளவு நேரம் ஆகும் என்று இரண்டு பேருக்குமே தெரியும்.

மேடையில் அதிகாரியம்மா பேச ஆரம்பித்தார். நரைத்த கிராப்பு, மூக்குக்கண்ணாடி, மண் ஒட்டிய செருப்பு. வீடு வீடாக ஏறி இறங்குகிற ஆள் என்று பார்த்ததுமே தெரியும். இந்தத் தெருவின் முகம் எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகப் போனது, மிச்சம் இருப்பதை ஏன் வைத்துக்கொள்ள வேண்டும் என்று மனசுபட்டுப் பேசினார். கடைசியில் இருபத்தேழுக்கு வந்தார்.

"அந்தப் பால்கனி கீழே நின்னு நான் அரை மணி நேரம் பார்த்தேன். ஒரு கால்ல இருக்கிற வளையத்துக்கும் அடுத்த கால்ல இருக்கிறதுக்கும் நூல் அளவு வித்தியாசம் கிடையாது. செஞ்சவர் யாருன்னு தெரியாது. அவர் கைக்கு ஒரு கும்பிடு."

ஹால் கைதட்டியது. கைதட்டல் முழுவதும் தங்கையின் பக்கம் திரும்பியது. அவளும் தலையை லேசாக அசைத்து ஏற்றுக்கொண்டாள்.

அந்தத் தலையசைப்பைத்தான் மேஸ்திரியால் தாங்க முடியவில்லை. பாராட்டைத் தூக்கிச் சுவரில் எறிந்திருந்தாலும் பொறுத்திருப்பார். பேசாமல் எடுத்துக்கொண்டாளே!

"அந்தக் கை இதுதான்."

சொன்னது தாம்தான் என்று புரிவதற்குள் எழுந்து நின்றுவிட்டிருந்தார். வலது கை மேலே தூக்கியிருந்தது, வகுப்பில் பதில் தெரிந்த மாணவன் மாதிரி.

"என்ன சொல்றீங்க, சார்?"

"அது நூறு வருஷம் இல்லீங்க, இருபத்திரண்டு. பழசு மழையில விழுந்துடுச்சு. நான்தான் அதே மாதிரி செஞ்சேன்." கடிதத்தை எடுத்து நீட்டினார். "வீட்டைப் பட்டியல்லேர்ந்து எடுத்துடணும்னு ஆட்சேபணை எழுதியிருக்கேன்."

யாரோ பின்னாலிருந்து, "மேஸ்திரிக்கு என்ன ஆச்சு?" என்றார்.

"நிரூபிக்க முடியுமா?" என்று கேட்டார் அதிகாரியம்மா.

"இடது ஓரத் தாங்கு கட்டையை அடியில சுரண்டிப் பாருங்க. மர ஆப்பு மாதிரி தெரியறது வெறும் மூடி. உள்ளே இரும்பு போல்ட் இருக்கு. அந்தக் காலத்துல ஏது போல்ட்?"

அதிகாரியம்மா தங்கையைப் பார்த்தார். "அம்மா, இது உண்மையா?"

தங்கை எழுந்தாள். எக்ஸ்சேஞ்சில் 'லைன் கிடைக்கவில்லை' என்று ஆயிரம் பேருக்குச் சொன்ன அதே நிதானக் குரல். "உண்மைதான்."

கசகசவென்று பேச்சு எழுந்தது. மேஸ்திரி எதிர்பார்த்தது வேறு. இன்னொரு கைதட்டல் வரும், தமக்கு வரும் என்று மனசின் ஒரு மூலையில் நினைத்திருந்தார். ஒருவரும் தட்டவில்லை. ஏமாற்றப்பட்டவர்கள் மாதிரி எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

குருவி மட்டும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது. கிட்டே வந்து, ஹாலில் இருநூறு பேர் இருப்பதை மறந்து கேட்டாள்.

"அப்பா, எதைப் பார்த்துச் செஞ்சீங்க?"

"என்னம்மா?"

"வலது பக்கம் விழுந்துடுச்சு. அதே அளவு, அதே வளையம், அதே இலை. எதைப் பார்த்து அளவெடுத்தீங்க?"

மேஸ்திரி சுவரில் இருந்த புள்ளிக்கோட்டுப் பெட்டியைப் பார்த்தார்.

"நம்ம பாதியிலயும் ஒண்ணு இருந்துச்சா, அப்பா? நிஜமான பழசு?"

"இருந்துச்சு."

"அது எங்கே?"

"எடுத்துட்டேன்."

"ஏன்? இப்படிச் செய்யத் தெரிஞ்சவர், இந்தத் தெருவுல பதினோரு வீட்டுல எடுத்திருக்கீங்க. ஏன்?"

கரையான் அரித்தது என்று சொல்லலாம், ஜனங்கள் கேட்டார்கள் என்று சொல்லலாம். பத்து வீட்டுக்குப் பத்து காரணம் அவரிடம் இருந்தது. முதல் வீடான தன் வீட்டுக்கு மட்டும் ஒன்றும் இல்லை. அப்பா போய் எட்டாம் நாள், ஏணி போட்டு ஏறிப் பிடுங்கினார். தங்கையின் பாதி மாதிரி தன் பாதி இருக்கக் கூடாது, பார்க்கிறவன் இரண்டையும் ஒன்றாகப் பார்க்கக் கூடாது என்ற வேகம். அசல் இவரிடம்தான் இருந்தது. அப்பா கொடுத்துவிட்டுப் போனது அசலைத்தான். நகலைப் பார்த்துப் பொருமி அசலைப் பிடுங்கிப் போட்ட மனுஷன், அதையே புது நாகரிகம் என்று தெருவுக்கு விற்றுக் காசாக்கிக்கொண்டார். இதை மகளிடம் எந்த வாயால் சொல்வது?

"வயித்தெரிச்சல்மா" என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை.

குருவிக்குக் கேட்டது. அவள் அவர் கையிலிருந்த கடிதத்தை வாங்கி, அதிகாரியம்மாவின் மேஜையில் கொண்டுபோய் வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனாள்.

அதிகாரியம்மா கடைசியில் அறிவித்தார். இருபத்தேழாம் எண் நிறுத்தி வைக்கப்படுகிறது. நாளைக் காலை பத்து மணிக்கு நேரில் வந்து பால்கனியைக் கழற்றிப் பார்ப்பார்கள். முகப்பில் உண்மையான பழைய பாகம் ஏதாவது இருந்தால் பட்டியலில் இருக்கும். இல்லையென்றால் எடுத்துவிடுவார்கள்.

மேஸ்திரி ஜெயித்துவிட்டார். வீட்டுக்கு நடந்து வருகிற வழியெல்லாம் தான் கட்டிய தட்டை முகப்புகளை ஒவ்வொன்றாகத் தாண்டி வந்தார். ஜெயித்தவர் நடை மாதிரி இல்லை அது.

தங்கை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். வெயில் இறங்கி, தெருவில் பாதி நிழல் விழுந்திருந்தது.

"மேலே வா" என்றாள்.

"என்ன, திட்டப் போறியா? இங்கேயே திட்டு."

"வான்னா வா."

பால்கனி அறைக்குப் பின்னால் ஒரு அறை. அப்பா கடைசியாகப் படுத்திருந்தது அதில்தான். அவர் போன பிறகு மேஸ்திரி அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. தங்கை பூட்டைத் திறந்து ஜன்னலைத் தள்ளினாள்.

தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்கு மரம் அடுக்கியிருந்தது. கால்கள் தனியாக, கைப்பிடி தனியாக, தாங்கு கட்டைகள் சுவரில் சாய்த்தபடி. ஒவ்வொன்றுக்கும் இடையில் பழைய டெலிபோன் டைரக்டரிகளைத் திணித்திருந்தாள், மரத்தோடு மரம் உரசாமல் இருக்க.

மேஸ்திரி ஒரு காலை எடுத்தார். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அவர் கடைந்த கால்களில் வளையம் மூன்றும் ஒரே அளவு. இதில் நடு வளையம் ஒரு மயிரிழை தடிமன். எந்தக் காலத்திலோ கடைந்தவரின் கை லேசாக அழுத்தியிருந்த இடம்.

"நான் விறகு வண்டிக்காரன்கிட்ட ஏத்தி அனுப்பினேனே..."

"அவனைத் தெருமுனையில மடக்கினேன். அந்த மாசச் சம்பளம் மொத்தமும் போச்சு. நீ வேலைக்குப் போற நேரமாப் பார்த்து நாலு நாள் தூக்கி வந்தேன்."

"எனக்காகவா வெச்சிருந்தே?" என்று கேட்டார் மேஸ்திரி.

தங்கை சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை. "ரொம்ப நல்லவன்னு நினைச்சுக்காதே, அண்ணா. உன் பாதியில அசல் இருந்துச்சு, என்கிட்ட நகல். அப்பா தெரியாமத்தான் அப்படிக் குடுத்தார். எனக்குத் தெரியுமே! பிரிச்ச நாள்லேர்ந்து உன் பால்கனியைப் பார்த்துப் பார்த்து எனக்குத் தூக்கம் வரலை. உனக்குப் பொண்டாட்டி, உனக்குக் குழந்தை, உனக்குத்தான் அசலும். நீ பிடுங்கிப் போட்டப்போ, வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லலை. மொத்தமும் எனக்கே வந்துடும்னு வாயை மூடிட்டு நின்னேன்."

பத்தொன்பது வருஷமாகச் சுவருக்கு அந்தப் பக்கம் தான் மட்டும்தான் வெந்துகொண்டிருப்பதாக மேஸ்திரி நினைத்திருந்தார்.

"இன்னிக்கு ஹால்ல அந்தம்மா கேட்டப்போ இதையும் சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருக்கலாம். ஆனா இதை ஏத்தறதுன்னா உன் பாதியிலதான் ஏத்தணும். உன் டைல்ஸை உடைக்கணும். உன் சம்மதம் வேணும். அண்ணிக்கு லிஃப்ட் கிடையாது. இவ்வளவையும் உன்னைக் கேக்காம மைக்ல சொல்ல முடியுமா?"

ஏறின காலடிச் சத்தமே கேட்கவில்லை. வாசற்படியில் குருவி நின்றுகொண்டிருந்தாள். எப்போதிலிருந்து நிற்கிறாளோ! அடுக்கைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். தோள்பையிலிருந்து அளவெடுக்கும் நாடாவை எடுத்துக்கொண்டு வந்து தரையில் உட்கார்ந்தாள். முதல் காலை மடியில் வைத்து அளக்க ஆரம்பித்தாள். நாடா இரண்டு முறை சுருண்டு உள்ளே போயிற்று.

"நுனியை நான் பிடிச்சுக்கிறேன்" என்று மேஸ்திரி குனிந்தார்.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கம், கீழேயிருந்து மனைவியின் குரல் வந்தது. ஆறு நாளாக இல்லாத உற்சாகம் அதில்.

"ஏங்க! எங்கே இருக்கீங்க? பில்டர் வந்திருக்கார். ஹால்ல நடந்தது அதுக்குள்ள அவருக்குத் தெரிஞ்சுபோச்சு. நாளைவரைக்கும் எதுக்கு, இப்பவே கையெழுத்து போட்டுடலாங்கறார். பேனாவோட உக்காந்திருக்கார்... நீங்க என் பேர்ல எழுதி வெச்ச பாகத்துக்கு நான் போட்டுட்டேன். உங்களுது ஒண்ணுதான் பாக்கி. வாங்க!"

குருவி நிமிர்ந்தாள். தங்கை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

படியேற முடியாத மனைவி கீழே காத்திருக்கிறாள். பத்தொன்பது வருஷம் பூட்டி வைத்த மரம் இங்கே கிடக்கிறது. மேஸ்திரி நாடாவின் நுனியை விடவும் இல்லை, எழுந்திருக்கவும் இல்லை.

"உட்காரச் சொல்லு, வர்றேன்" என்று குரல் கொடுத்தார். பிறகு மகளிடம், "நடு வளையத்தைச் சரியாப் பாரு. அது மத்த ரெண்டையும் விடத் தடிமனா இருக்கும்" என்றார்.